சிவப்பு டீசலின் கணக்கு

2017 செப்டம்பரில் இர்மா புயல் ஃபுளோரிடாவைச் சூறையாடியபோது, அந்த மாநிலத்தில் எரிபொருளுக்குப் பெரும் தட்டுப்பாடு ஏற்பட்டது. அந்த நேரத்தில் அமெரிக்காவின் வரித் துறையான ஐ.ஆர்.எஸ். ஓர் அறிவிப்பை வெளியிட்டது. வயல்களுக்கும் கட்டுமான இடங்களுக்கும் என்று ஒதுக்கிவைத்த சிவப்பு நிற டீசலை, சாலையில் ஓடும் வண்டிகளுக்கும் தற்காலிகமாக ஊற்றிக்கொள்ளலாம், அபராதம் போடமாட்டோம் என்றது அந்த அறிவிப்பு. காலனுக்கு 24.4 சென்ட் வரியை மட்டும் கட்டிவிட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. 2005-ல் கத்ரீனா புயலின்போதும் இதே சலுகை தரப்பட்டது.

எந்த டீசலை எந்த வண்டியில் ஊற்றலாம் என்பதை வரி அதிகாரிகள் முடிவு செய்வது நமக்கு விசித்திரமாகத் தோன்றலாம். அமெரிக்காவில் அது அன்றாட நடைமுறை. அங்கே டீசல் இரண்டு விதம். ஒன்று நிறமற்றது அல்லது இளமஞ்சள். அதை யாரும் வாங்கலாம், சாலை வரி விலையிலேயே அடக்கம். மற்றொன்று செக்கச்செவேல் என்று இருப்பது. அதற்குச் சாலை வரி கிடையாது. அதை விற்கும் பம்ப்பில், இது சாயம் சேர்த்த டீசல், வரியில்லாப் பயன்பாட்டுக்கு மட்டுமே, மீறினால் அபராதம் என்று எழுதி ஒட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம்.

இந்தப் பாகுபாட்டுக்குப் பின்னால் நியாயமான ஓர் எண்ணம் இருக்கிறது. அமெரிக்காவில் 1956-ல் நெடுஞ்சாலை அறக்கட்டளை நிதி உருவாக்கப்பட்டது. பெட்ரோல், டீசல் மீதான வரி அந்த நிதிக்குப் போகிறது, அங்கிருந்து சாலைகளுக்கும் பாலங்களுக்கும் செலவாகிறது. சாலையைத் தேய்ப்பவர்கள் சாலைக்குப் பணம் தர வேண்டும் என்பதே அடிப்படை. அப்படியானால் நாள் முழுக்க வயலுக்குள்ளேயே உழும் டிராக்டர், கல்குவாரியில் மண் அள்ளும் இயந்திரம், மின்சாரம் இல்லாத இடத்தில் ஓடும் ஜெனரேட்டர் இவையெல்லாம் எதற்காகச் சாலை வரி கட்ட வேண்டும்? அவற்றுக்கு விலக்கு தரப்பட்டது. ரயில் இன்ஜின்கள், பள்ளிப் பேருந்துகள், மாநில, உள்ளாட்சி அரசுகளின் வண்டிகள் ஆகியவையும் சாயம் சேர்த்த டீசலில் ஓடலாம்.

விலக்கு கொடுப்பது எளிது. வரி கட்டாத டீசல் வரி கட்ட வேண்டிய வண்டிக்குள் போய்விடாமல் காப்பதுதான் பெரும்பாடு. டீசலும் வீடுகளைச் சூடாக்கும் எண்ணெயும் ஏறத்தாழ ஒரே பொருள். குளிர்காலத்தில் வீட்டு உலைகளில் எரிக்கும் அந்த எண்ணெய்க்குச் சாலை வரி இல்லை. சூடாக்கும் எண்ணெய் என்று சொல்லி வாங்கி, டீசல் என்று சொல்லி விற்றால் வரி முழுவதும் லாபம். கண்ணால் பார்த்தோ முகர்ந்தோ வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

1980-களில் நியூயார்க், நியூஜெர்சி வட்டாரத்தில் எரிபொருள் வரி மோசடி ஒரு தொழிலாகவே நடந்தது. கொலம்போ மாஃபியா கும்பலைச் சேர்ந்த மைக்கேல் ஃபிரான்சிஸும், சோவியத் ஒன்றியத்திலிருந்து குடியேறியிருந்த சில கும்பல்களும் இதில் கைகோத்தன. எரிபொருளைக் காகிதத்தில் மட்டும் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு, அதிலிருந்து மற்றொன்றுக்கு என்று வரிசையாகக் கைமாற்றுவார்கள். நடுவில் ஒரு லெட்டர்பேட் கம்பெனி வரி கட்டிவிட்டதாகக் கணக்கு எழுதும். அதிகாரிகள் தேடிப் போகும்போது அந்தக் கம்பெனி காணாமல் போயிருக்கும். வரியை யார் கட்ட வேண்டும் என்ற பொறுப்பு விநியோகச் சங்கிலியின் கீழ்ப்பகுதியில், எண்ணற்ற சிறு வியாபாரிகளிடம் சிதறிக் கிடந்ததுதான் இதற்கு வசதியாக இருந்தது.

1994 ஜனவரி 1 முதல் இரண்டு மாற்றங்கள் வந்தன. டீசல் வரி வசூல், எண்ணெய் முனையங்களில் டேங்கர் லாரி நிரப்பும் இடத்துக்கே கொண்டுபோகப்பட்டது. அந்த இடத்தைத் தாண்டும்போதே வரி கட்டியாக வேண்டும், அல்லது டீசலில் சாயம் கலந்திருக்க வேண்டும். அதாவது, வரி கட்டாத ஒவ்வொரு சொட்டும் சிவப்பாகத்தான் வெளியே வரும். அலாஸ்காவின் ஒதுக்குப்புறப் பகுதிகளுக்கு மட்டும் இதில் விதிவிலக்கு உண்டு.

டீசலைச் சிவப்பாக்கும் பொருளின் பெயர் சால்வென்ட் ரெட் 164. ஆயிரம் பீப்பாய்க்குக் குறைந்தது 3.9 பவுண்டு திட சாயத்துக்குச் சமமான அளவு சேர்க்க வேண்டும் என்பது விதி. நம் கணக்கில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம். இவ்வளவு சிறிய அளவே ஒரு டேங்க் முழுவதையும் சிவக்க வைக்கிறது. சாயம் கலந்த டீசலை ஒருமுறை ஊற்றிவிட்டுப் பிறகு சாயமில்லாத வெள்ளை டீசலை நிரப்பினாலும் சுவடு உடனே போய்விடாது. தேர்தல் நாளில் விரலில் வைக்கும் மையைப் போல அது தங்கிவிடுகிறது.

விளைவு உடனே தெரிந்தது. பொருளாதார நிபுணர்கள் ஜஸ்டின் மேரியனும் எரிக் மியூலெகரும் இதை ஆராய்ந்து 2008-ல் ஜர்னல் ஆஃப் பொலிட்டிக்கல் எகானமி இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். சாயம் வந்த பிறகு வரி கட்டிய டீசலின் விற்பனை 26 சதவீதம் கூடியது. சூடாக்கும் எண்ணெயின் விற்பனை கிட்டத்தட்ட அதே அளவு குறைந்தது. வரி அதிகமாக இருந்த மாநிலங்களில் இந்த மாற்றம் இன்னும் பெரியது. ஜனவரி முதல் தேதியில் லாரிகளின் எண்ணிக்கை திடீரென்று பெருகிவிடவில்லை, வீடுகளின் குளிரும் குறைந்துவிடவில்லை. அதுவரை வீட்டு உலைக்கென்று கணக்கு எழுதப்பட்ட எண்ணெயில் பெரும்பகுதி நெடுஞ்சாலையில்தான் எரிந்துகொண்டிருந்தது என்பது இப்படி வெளியே வந்தது.

சாயம் கலந்தால் மட்டும் போதாது, டேங்க்கைத் திறந்து பார்க்க ஆள் வேண்டும். ஐ.ஆர்.எஸ். அதிகாரிகளும் மாநில அதிகாரிகளும் லாரிகள் நிற்கும் இடங்களிலும் எடைமேடைகளிலும் டேங்க்கிலிருந்து மாதிரி எடுத்துப் பார்க்கிறார்கள். சோதனைக்கு மறுத்தாலே 1,000 டாலர் அபராதம். சிவப்பு டீசலோடு சாலையில் பிடிபட்டால் காலனுக்கு 10 டாலர் அல்லது 1,000 டாலர், இதில் எது அதிகமோ அது. மீண்டும் மீண்டும் சிக்கினால் தொகையும் ஏறிக்கொண்டே போகும். 150 காலன் டேங்க் ஒன்றில் ஒருவர் மிச்சம் பிடிக்கும் மத்திய வரி 36 டாலர் 60 சென்ட். அதற்கு அவர் கட்ட நேரும் அபராதம் 1,500 டாலர். ஆனால் மாநில வரி தனி. பென்சில்வேனியாவில் அது மத்திய வரியைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அதனால் ஆசை இன்னும் முழுசாகப் போய்விடவில்லை.

சிவப்பு டீசல் மட்டமான சரக்கா? இந்தக் கேள்வி விவசாயிகளிடமும் மெக்கானிக்குகளிடமும் இன்றுவரை அடிபடுகிறது. ஒரு காலத்தில் அதில் உண்மை இருந்தது. 1993 அக்டோபரில் அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு சாலை டீசலில் கந்தகத்தை 500 பி.பி.எம். அளவுக்குள், அதாவது பத்து லட்சத்தில் 500 பங்குக்குள் கட்டுப்படுத்தியது. சாலைக்கு வெளியே ஓடும் இயந்திரங்களின் டீசலில் அதைப்போலப் பல மடங்கு கந்தகம் இருக்க அப்போது அனுமதி இருந்தது. இரண்டையும் பிரித்துக் காட்ட முதலில் நீலச் சாயத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். சிறு விமானங்களுக்கான பெட்ரோலும் நீலம் என்பதால், தவறிப்போய் விமானத்தில் டீசல் ஏறிவிடுமோ என்ற அச்சம் எழுந்தது. பிறகு நீலம் கைவிடப்பட்டு, வரிக்கும் கந்தகத்துக்கும் சிவப்பே பொது அடையாளமானது.

2006-ல் சாலை டீசலுக்கு 15 பி.பி.எம். என்ற கடுமையான வரம்பு வந்தது. புகையிலுள்ள கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டிகளையும் வினையூக்கிகளையும் கந்தகம் பாழாக்கிவிடும் என்பதுதான் காரணம். சாலைக்கு வெளியே பயன்படும் டீசலுக்கு 2007-ல் 500, 2010-ல் 15 என்று படிப்படியாக அதே வரம்பு வந்தது. ரயிலுக்கும் படகுக்கும் 2012-ல். ஆகவே இன்று அமெரிக்கப் பண்ணையின் பம்ப்பில் வரும் சிவப்பு டீசலும் நெடுஞ்சாலை பங்க்கில் வரும் வெள்ளை டீசலும் பெரும்பாலும் ஒரே சுத்திகரிப்பு ஆலையில், ஒரே தரநிர்ணயத்தின்படி தயாரானவை. வித்தியாசம் முனையத்தில் ஊற்றும் சாயம் மட்டும்.

இருந்தாலும் சில இடங்களில் கவனம் தேவை. சூடாக்கும் எண்ணெயும் சிவப்பாகத்தான் இருக்கிறது. அது உலையில் எரிவதற்கென்று வகுத்த தரம். இன்ஜினுக்குள் எவ்வளவு விரைவாகத் தீப்பற்றும் என்பதைக் காட்டும் சீட்டேன் எண்ணுக்கு அதில் கட்டுப்பாடு இல்லை. இரண்டும் சிவப்புதானே என்று மாற்றி ஊற்றினால் டிராக்டர் காலையில் கிளம்ப அடம்பிடிக்கும். பிரிட்டனில் வித்தியாசம் தரநிர்ணயத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. அங்கே சாலை டீசலுக்குக் குறைந்தபட்ச சீட்டேன் எண் 51, சிவப்பு டீசலுக்கு 45.

சிவப்பு டீசலைப் பற்றிய கெட்ட பெயருக்கு உண்மையான காரணம் பெரும்பாலும் கிடங்குதான். லாரி பங்க்கில் டீசல் சில நாட்களில் விற்றுத் தீர்ந்துவிடும். பண்ணையில் அது ஒரு பருவம் முழுக்க, சிலசமயம் அதற்கும் மேலாக, வெளியில் கிடக்கும் டேங்க்கில் தேங்குகிறது. பகலில் வெயில், இரவில் குளிர் என்று மாறி மாறி வரும்போது உள்ளே நீர் வியர்த்து அடியில் சேர்கிறது. அந்த நீருக்கும் டீசலுக்கும் இடையே பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர்ந்து வழவழப்பான கசடாகி ஃபில்டரை அடைக்கின்றன. தாவர எண்ணெயிலிருந்து செய்யும் பயோடீசல் கலந்திருந்தால் நீரை ஈர்க்கும் தன்மை கூடுகிறது. அடியில் சேரும் நீரை அவ்வப்போது வடித்து, டேங்க்கைச் சுத்தமாக வைத்திருக்கும் விவசாயிக்குச் சிவப்பு டீசலால் தொல்லை இல்லை.

சாயத்தின் பலவீனம் வேறொரு நாட்டில் அப்பட்டமாகத் தெரிந்தது. பிரிட்டனில் 2022-க்கு முன்பு சாலை டீசலுக்கு லிட்டருக்கு 57.95 பென்ஸ் வரி, சிவப்பு டீசலுக்கு 11.14 பென்ஸ். ஒரு லிட்டரில் கிட்டத்தட்ட 47 பென்ஸ் இடைவெளி. வட அயர்லாந்து எல்லைக்கு அந்தப் பக்கம் அயர்லாந்துக் குடியரசில் விவசாய டீசல் பச்சை நிறம். வட அயர்லாந்தின் அர்மா, தெற்கே லௌத், மொனஹன் ஆகிய எல்லை மாவட்டங்களின் பண்ணைக் கொட்டகைகளில், சிவப்பையும் பச்சையையும் வெளுத்து வெள்ளையாக்கும் கள்ளத் தொழில் முளைத்தது. அமிலம் ஊற்றியோ, சாயத்தை உறிஞ்சும் களிமண்ணில் வடிகட்டியோ நிறத்தை எடுப்பார்கள். வெளுத்த டீசல் பங்க்குகள் வழியாக, ஒன்றும் அறியாத வாடிக்கையாளரின் காருக்குள் போய்ச் சேரும். மிச்சமிருந்த அமிலம் எரிபொருள் பம்ப்பையும் இன்ஜெக்டரையும் அரிக்கும்.

அதைவிடக் கொடுமை கழிவு. அமிலமும் எண்ணெயும் சேர்ந்த நச்சுக் கசட்டைப் பிளாஸ்டிக் தொட்டிகளில் அடைத்து, இரவோடு இரவாகக் கிராமச் சாலை ஓரங்களிலும் ஓடைக் கரைகளிலும் போட்டுவிட்டுப் போவார்கள். அவற்றை அள்ளிச் சுத்தம் செய்யும் செலவு உள்ளூர் மன்றங்களின் தலையில் விழுந்தது. வரி ஏய்ப்பால் அரசுக்கு ஒருமுறை நஷ்டம், கழிவை அகற்ற மக்கள் பணத்திலிருந்து இன்னொருமுறை நஷ்டம், இடையில் மண்ணும் நீரும் கெட்டது தனி.

ஐரோப்பிய ஒன்றியம் 2002 முதல் சாயத்தோடு சால்வென்ட் யெல்லோ 124 என்ற அடையாளப் பொருளையும் சேர்க்கச் சொல்லியிருந்தது. கண்ணுக்கு நிறம் போனாலும் பரிசோதனையில் இது காட்டிக்கொடுக்கும் என்பது திட்டம். அமிலத்துக்கு அதுவும் தப்பவில்லை. அதனால் பிரிட்டனும் அயர்லாந்தும் 2015-ல் அக்யூட்ரேஸ் என்ற புதிய பொருளைச் சேர்க்கத் தொடங்கின. டீசலின் மூலக்கூறுகளோடு மிகவும் ஒத்துப்போவதால், அதை மட்டும் தனியே பிரித்தெடுப்பது கடினம். அதன்பிறகு எல்லைப்புற வெளுப்புக் கொட்டகைகள் வெகுவாகக் குறைந்தன.

இந்தியாவில் டிராக்டருக்கும் லாரிக்கும் ஒரே டீசல்தான், விவசாயத்துக்கென்று நிறம் போட்ட டீசல் கிடையாது. ஆனால் நிறம் போட்ட எரிபொருள் நமக்கும் பழக்கம். பொது விநியோகத்தில் வந்த மண்ணெண்ணெய்க்கு நீல நிறம் ஏற்றப்பட்டது. ஏழைகளின் அடுப்புக்கும் விளக்குக்கும் போக வேண்டிய அந்த மண்ணெண்ணெயின் விலை, 2011 வாக்கில் டீசல் விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஆகவே அது டேங்கர் டேங்கராக டீசலில் கலக்கப்பட்டது. நீல நிறமோ, அதற்கு மேலாக 2006-ல் கொண்டுவந்து சில ஆண்டுகளிலேயே கைவிட்ட ரசாயன அடையாளமோ இதைத் தடுத்து நிறுத்தவில்லை.

தடுக்க முயன்றவர்கள் உயிரைக் கொடுத்தார்கள். இந்தியன் ஆயில் நிறுவனத்தின் விற்பனை அதிகாரி சண்முகம் மஞ்சுநாத், லக்னோ ஐ.ஐ.எம்.மில் படித்தவர், வயது 27. உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் கலப்படம் செய்த பங்க் மீது நடவடிக்கை எடுத்து, மறுபடி சோதனைக்குப் போனபோது 2005 நவம்பர் 19 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். 2011 ஜனவரி 25 அன்று, மகாராஷ்டிரத்தில் எண்ணெய்க் கிடங்குகள் நிறைந்த மன்மாட் அருகே, கூடுதல் மாவட்ட ஆட்சியர் யஷ்வந்த் சோனவணே கலப்படத்தை நேரில் பிடிக்க முயன்றபோது உயிரோடு எரிக்கப்பட்டார். அமெரிக்காவில் மாதிரி எடுக்க விட மறுத்தாலே அபராதம் என்ற விதியின் அருமை, இந்த இரண்டு பெயர்களோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் புரிகிறது. சோதிப்பவருக்குச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லாத இடத்தில், எந்தச் சாயத்தாலும் சலுகையைக் காப்பாற்ற முடியாது.

சாயம் இல்லாமலும் சலுகை கொடுக்க வழி உண்டு. ஜெர்மனியில் விவசாயி முழு விலைக்கு டீசல் வாங்கி, பிறகு லிட்டருக்கு 21.48 சென்ட்டைத் திரும்பப் பெறும் முறை இருந்தது. அதைப் படிப்படியாக நிறுத்துவதாக அரசு சொன்னபோது, 2024 ஜனவரியில் டிராக்டர்கள் பெர்லினை முற்றுகையிட்டன. அதே மாதம் பிரான்சில், சிவப்பு விவசாய டீசல் மீதான வரி உயர்வை எதிர்த்து விவசாயிகள் சாலைகளை மறித்தார்கள். பிரதமர் கேப்ரியல் அத்தால், ஜனவரி 26 அன்று தென்மேற்கு பிரான்சில் விவசாயிகள் முன்னிலையில் அந்த உயர்வைக் கைவிடுவதாக அறிவித்தார். தமிழ்நாட்டில் மீனவர்களின் படகுகளுக்கு, ஆண்டுக்கு இவ்வளவு லிட்டர் என்ற அளவோடு மாநில விற்பனை வரியில்லா டீசல் தரப்படுகிறது. அங்கே சலுகை நிறத்தோடு ஒட்டவில்லை, பதிவு செய்த படகோடு ஒட்டியிருக்கிறது.

எல்லா இடத்திலும் இப்போது எழும் இன்னொரு கேள்வி, மலிவு டீசல் சுற்றுச்சூழலுக்கு நல்லதா என்பது. பிரிட்டனில் விற்ற மொத்த டீசலில் சுமார் 15 சதவீதம் சிவப்பு. அதிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 1.4 கோடி டன் கரியமில வாயு வெளியாவதாக அந்நாட்டு அரசு கணக்கிட்டது. 2022 ஏப்ரல் 1 முதல் கட்டுமானமும் சுரங்கத் தொழிலும் சிவப்பு டீசல் பயன்படுத்தும் உரிமையை இழந்தன. விவசாயம், வனத்தொழில், மீன்பிடிப்பு, ரயில் போன்றவை அதைத் தக்கவைத்துக்கொண்டன. கட்டுமான நிறுவனங்கள் தங்கள் ஜேசிபிகளுக்கு ஒரே நாளில் பல மடங்கு வரி கட்டத் தொடங்கின. உணவு விளைவிப்பவருக்குச் சலுகை நீடிக்கட்டும், மாற்று எரிபொருளுக்கு மாறும் வசதி உள்ள தொழில்கள் முழு வரியைச் சுமக்கட்டும் என்ற இந்தப் பிரிப்பு நியாயமானது.

சிறு விவசாயியின் பக்கமிருந்து பார்த்தால் சாயத்துக்கு ஒரு பெரிய நன்மை இருக்கிறது. திரும்பப் பெறும் முறையில் அவர் கையிலிருந்து பணம் முதலில் போகிறது. ரசீதுகளைச் சேர்த்து, படிவம் நிரப்பி, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பெரிய பண்ணைக்குக் கணக்காளர் இருக்கிறார், இரண்டு டிராக்டர் வைத்திருப்பவருக்கு இல்லை. சாயம் கலந்த டீசலில் சலுகை வாங்கும் இடத்திலேயே, வாங்கும் நாளிலேயே கிடைத்துவிடுகிறது. அமெரிக்கச் சட்டம் இரண்டு வழியையும் திறந்து வைத்திருக்கிறது. சிவப்பு டீசல் கிடைக்காதவர் வெள்ளை டீசலை வாங்கி, சாலைக்கு வெளியே எரித்ததற்கான வரியைத் திரும்பக் கேட்கலாம்.

அந்த 24.4 சென்ட் வரி 1993-க்குப் பிறகு உயரவேயில்லை. சாலைகளின் செலவு உயர்ந்துகொண்டே போகிறது. 2008 முதல் அமெரிக்க அரசு பொது வருவாயிலிருந்து பணத்தை எடுத்து நெடுஞ்சாலை நிதிக்கு ஊற்றி வருகிறது. மின்சார லாரிகளோ டீசல் வரியே கட்டுவதில்லை. இவ்வளவுக்கும் நடுவில், 27 நாடுகள் கொண்ட ஐரோப்பிய ஒன்றியம், தன் பழைய அடையாளப் பொருளைக் கைவிட்டு அக்யூட்ரேஸ் பிளஸ் என்ற புதியதற்கு மாறுவதென 2022-ல் முடிவெடுத்தது. 2024 ஜனவரியில் அந்த மாற்றம் நடைமுறைக்கு வந்துவிட்டது. டீசல் இன்ஜின் வயல்களில் ஓடும்வரை, அதற்கு ஊற்றும் எண்ணெயில் அடையாளம் வைக்கும் வேலையும் தொடரும் என்றுதான் அந்த அரசுகள் கணக்கிட்டிருக்கின்றன.